வார்ப்பிரும்புப் பம்பும் மாப்பிள்ளை அனுப்பிய புட்டியும்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய தங்கை மாப்பிள்ளை அவர்களுக்கு, தங்கள் மச்சான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தாங்களும் என் தங்கையும் தேக சுகத்துடன் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இங்கு நானும் தங்கள் அக்காவும், அதாவது என் வீட்டுக்காரியும், நலமாக இருக்கிறோம் என்று எழுதுவது முறை. முறையை நான் என்றைக்கும் மீறியதில்லை. ஆகவே நலமாக இருக்கிறோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தாங்கள் பார்சலில் அனுப்பிய இரும்புப் புட்டி, அதாவது கீறலை அடைக்கிற அந்தப் பசை, ஆறு பெட்டியும் உடையாமல் சிதறாமல் வந்து சேர்ந்தன. ஐந்து பெட்டி தீர்ந்துவிட்டது. கூடவே என் வேலையும் தீர்ந்துவிட்டது. இதைத் தெரிவிக்கவே இக்கடிதம். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் தாங்கள் என்னைப் பேச விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

தங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, இருந்தாலும் கோபத்தில் எழுதுகிறவன் முதலிலிருந்துதான் எழுதுவான். மில்லில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்து, வயதாகிவிட்டது என்று அனுப்பிய பிறகு, இந்தக் குடியிருப்பில் மோட்டார் ரூம் வேலை எனக்குக் கிடைத்தது. நாலு கட்டடம், தொண்ணூற்றாறு வீடு, அத்தனை வீட்டுக் குழாய்க்கும் ஒரே ஒரு வார்ப்பிரும்புப் பம்பு. அதைச் செய்த கம்பெனி இப்போது இல்லை. ஸ்பேர் கேட்டுப் போனால் கடைக்காரர்கள் என்னைத்தான் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். அது எப்போது இருமும், எப்போது சூடாகும், சுழல்கிற தண்டைச் சுற்றியுள்ள கிளாண்டில் எத்தனை சொட்டு ஒழுகினால் சரி, எத்தனை ஒழுகினால் ஆபத்து என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் மாதக் கூட்டம் தவறாமல் ஒரு தானியங்கிப் பம்பின் விளம்பரத் தாளைச் சட்டைப் பையில் மடித்து எடுத்து வருவார். தொட்டி காலியானால் தானே ஓடுமாம், நிறைந்தால் தானே நிற்குமாம், ஆளே வேண்டாமாம். ஆக, இந்தக் கிழட்டுப் பம்பு மூச்சு விடுகிற வரைக்கும்தான் எனக்கு வேலை. வேலை போனால் வீட்டில் உட்கார வேண்டும். மில்லை விட்டு வந்த பிறகு நாலு மாதம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவன் நான். உங்கள் அக்கா தரை துடைக்கும்போது "காலைத் தூக்குங்க" என்பாள். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று தடவை தரை துடைப்பார்கள் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. மூன்று தடவையும் காலைத் தூக்கிக்கொண்டு, வேறு எதற்கும் உபயோகமில்லாமல் உட்கார்ந்திருப்பது எனக்கு அவமானமாக இருந்தது.

இப்படி இருக்கும்போது போன மாதம் முதல் வாரத்தில் பம்பின் வெளிக்கூடான கேசிங்கில், தண்ணீரை வடிக்கத் திறக்கும் டிரெயின் பிளக்குக்கு ஒரு விரல் தள்ளி, முடி மாதிரி ஒரு கீறல் விழுந்தது. முதல் நாள் கசிந்தது, இரண்டாம் நாள் பீய்ச்சியது. பழைய மில் வெல்டரைக் கூட்டி வந்து காட்டினேன். வார்ப்பிரும்பில் நெருப்பைக் காட்டினால் ஒரு கீறல் மூன்றாகும், நான் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விட்டான். மனசு கேட்காமல் தங்கச்சிக்குப் போன் போட்டேன். கவனியுங்கள், தங்கச்சிக்குத்தான் போட்டேன். அவள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டது தாங்கள். வெல்டிங்கெல்லாம் எந்தக் காலம் மச்சான், இரும்புத்தூள் கலந்த எபாக்ஸி புட்டி வந்திருக்கு, கறுப்பு ஒரு உருண்டை வெள்ளை ஒரு உருண்டை எடுத்துப் பிசைஞ்சு அப்பினா மறுநாள் இரும்பாயிடும், துளை போடலாம், அரம் போடலாம், மரை வெட்டலாம் என்று இருபது நிமிஷம் எனக்கு வகுப்பு எடுத்தீங்க. முப்பத்தொரு வருஷம் இரும்போட குடித்தனம் பண்ணினவனுக்கு வகுப்பு. பொண்ணு பார்க்க வந்தப்ப இன்ஜினியரிங் லைன்ல இருக்கேன்னு சொன்னவர்தானே நீங்க. அது ஹார்டுவேர் கடை கவுண்டர்னு கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. அப்பவும் நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா. மாப்பிள்ளையாச்சேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன், இப்பவும் மாப்பிள்ளையாச்சேன்னுதான் சரி அனுப்புங்கன்னு சொல்லித் தொலைச்சேன்.

வந்த அன்னிக்கே வேலையை ஆரம்பிச்சேன். கீறல் மேற்கொண்டு ஓடாம இருக்க ரெண்டு முனையிலயும் சின்னத் துளை போட்டேன். கீறல் நெடுக வாய்க்கால் மாதிரி அறுத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். இதெல்லாம் பெட்டிக்குள்ள வச்சிருந்த உங்க செய்முறைத் தாள்ல போட்டிருக்கிறதுக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். கறுப்பும் வெள்ளையும் ஒரே சாம்பலாகிற வரைக்கும் பிசைஞ்சு, அழுத்தி அப்பி, தண்ணியால தடவி வழவழன்னு ஆக்கி, ஒரு நாள் முழுக்கக் காய விட்டேன். தொண்ணூத்தாறு வீட்டுக்கும் லாரித் தண்ணி, அதுக்கு நான் வாங்கிக் கட்டிக்கிட்டது தனி. மறுநாள் காலையில செயலாளரும் பார்க்க வந்தார், சலவைச் சட்டையோட. பம்பைப் போட்டேன். மூணு நிமிஷம் ஓடுச்சு. எங்கே ஒட்டியிருக்குன்னு செயலாளர் குனிஞ்சு பார்த்த நேரத்துல புட்டி முழுசா, ஒரே துண்டா, கழண்டு விழுந்தது. தண்ணி அவர் மூஞ்சியில அடிச்சுது. "என்ன ஃபிட்டரே, ஷவர் வச்சிருக்கீங்களா"ன்னு கேட்டுட்டு, சட்டையைப் பிழிஞ்சுக்கிட்டுப் போனார். நான் விழுந்த துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கீறலோட ஒவ்வொரு நெளிவும் அச்சு மாறாம அதுல பதிஞ்சிருந்தது. கீறலை நகலெடுக்கிறதுக்குன்னா உங்க புட்டி உண்மையிலேயே உசத்தியான சாமான்தான்.

உங்களுக்குப் போன் பண்ணினா, எண்ணெய் இருந்திருக்கும் மச்சான்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டீங்க. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரும்பைச் சுத்தம் பண்ணத் தெரியாதவனா நான்? ரெண்டாவது தடவை தின்னர் ஊத்திக் கழுவினேன். அதுவும் கழண்டுது. மூணாவது தடவை ரெண்டு தரம் கழுவினேன். அதுவும் கழண்டுது. நாலாவது தடவை உங்க அக்கா டீ எடுத்துக்கிட்டு வந்து, வாளியைக் கவுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தா. அறுத்தேன், தேய்ச்சேன், கழுவினேன், காய விட்டேன், புட்டி எடுக்கத் திரும்பினேன். இப்ப எதுக்கு அதைத் துடைச்சீங்கன்னு கேட்டா. நான் எங்கே துடைச்சேன்னேன். துடைச்சீங்க, இடுப்புத் துணியாலன்னா. விரலை வச்சுப் பார்த்தேன் மாப்பிள்ளை. பளபளன்னு எண்ணெய். மில்லுல எங்க மேஸ்திரி ஒருத்தர் இருந்தார், கழுவின சாமானை எண்ணெய்த் துணியால துடைக்காம மேஜையில வச்சா, துரு ஏறிடும்டான்னு புறங்கையிலயே ஒண்ணு போடுவார். அந்த அடியில பழகின கை. நான் சொல்லாம, எனக்கே தெரியாம, இடுப்பிலிருந்து துணியை உருவித் துடைச்சுட்டுத் திரும்பவும் சொருகிக்கிட்டிருக்கு. மூணு தடவையும் அதுதான் நடந்திருக்கு. சம்பளம் கொடுத்தவங்க எப்பவோ மறந்துட்டாங்க, இந்தக் கை மட்டும் இன்னமும் அங்கேயே வேலை பார்க்குது. உங்க அக்கா அந்தத் துணியைப் பிடுங்கிக்கிட்டா, நான் மறுபடி கழுவினேன்.

இதுக்கு நடுவுல வீட்டுல நடந்ததையும் சொல்லியாகணும். உங்க புட்டியில இருக்கிற பெரிய கொடுமை, பிசைஞ்சுட்டா எட்டே நிமிஷம், அப்புறம் கல்லு. ஒவ்வொரு தடவையும் எலுமிச்சங்காய் அளவு மிஞ்சும். வீணாக்க எனக்கு மனசு வராது. அதனால மிஞ்சின உருண்டையைக் கையில வச்சுக்கிட்டு, அது உள்ளங்கையில சூடேற ஏற, மூணு மாடி ஓடி, உடைஞ்சது ஏதாவது இருக்கா உடைஞ்சது ஏதாவது இருக்கான்னு வீடு பூரா தேடுவேன். முதல் நாள் நாற்காலிக் கால் ஒண்ணு ஆடிக்கிட்டிருந்தது, நல்லாவே நின்னுது. ரெண்டாம் நாள் பாத்திர மூடியோட குமிழ். மூணாம் நாள் உடைஞ்சது ஒண்ணுமே இல்லை, உருண்டையோ இறுகிக்கிட்டே வருது, பதட்டத்துல சமையலறை ஜன்னல் கொக்கி லேசா ஆடுற மாதிரி தெரிஞ்சுது. இப்ப கொக்கி ஆடுறதில்லை. ஜன்னலும் திறக்கிறதில்லை. வெங்காயம் வதக்கினா நடு வீட்டுல நின்னு ரெண்டு பேரும் அழறோம். நாலாம் நாள் நான் படியேறி வர்ற சத்தம் கேட்டதுமே உங்க அக்கா நல்லாயிருக்கிற சாமானையெல்லாம் பீரோவுல வச்சுப் பூட்டிட்டா. முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்துல அவ என்னைப் பார்த்துப் பயந்து நான் பார்த்தது அன்னிக்குத்தான்.

சரி, நாலாவது தடவை ஒட்டுச்சு. எப்படி ஒட்டுச்சுன்னு கேளுங்க. பட்ட பாட்டுல எனக்கு எண்ணெய்னாலே அலர்ஜியாயிடுச்சு. பின்னால கழட்ட வேண்டிய மரையில முன்கூட்டியே கிரீஸ் தடவணும்னு உங்க தாள்ல பொடி எழுத்துல போட்டிருக்கு. தடவக்கூடிய ஒரே இடம் அதுதான், அங்கே நான் தடவலை. டிரெயின் பிளக்குல ரிங் ஸ்பேனரை மாட்டி வச்சுக்கிட்டே சுத்தி அப்பினேன், அப்பி முடிச்சுட்டுக் கையலம்பப் போனேன், உங்க அக்கா சாப்பிடக் கூப்பிட்டா, போயிட்டேன். மறுநாள் வந்து பார்த்தா பிளக்கும் ஸ்பேனரும் பம்பும் ஒரே குடும்பமாயிருந்தது. இருபத்து நாலாம் நம்பர் ஸ்பேனர், மில்லுல எனக்குக் கொடுத்தது, என் பேரோட முதலெழுத்து வெட்டினது. இழுத்தேன், தட்டினேன், தொங்கிக்கூடப் பார்த்தேன். பம்பு ஆடுச்சே ஒழிய ஸ்பேனர் ஆடலை. செயலாளர் வந்து இது என்னன்னு கேட்டார். கைப்பிடின்னு சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு அவர் யாரோ ஒருத்தரைக் கூட்டி வந்து, பம்புக்கு இப்ப புது மாதிரி கைப்பிடி வச்சிருக்கோம்னு காட்டிக்கிட்டிருந்தார்.

அத்தோட விட்டிருக்கலாம். கீறல் அடைஞ்சுது, தண்ணி ஏறுது, என் வேலை நிக்குது, போதாதா? நீங்கதான் விடலையே. மறுபடியும் போன். மச்சான், மிச்சப் பெட்டியை ஏன் சும்மா வைக்கிறீங்க, பழைய பம்புன்னா உள்ளே தண்ணி அரிச்சுக் குழி குழியா இருக்கும், அதை நிரப்பி வழவழப்பாக்கிட்டா புதுசு மாதிரி இழுக்கும், சுழலுற தண்டு, அந்த ஷாஃப்டுல பள்ளம் விழுந்திருந்தா அதையும் நிரப்பலாம்னு ஆசை காட்டினீங்க. எனக்கும் புத்தி எங்கே போச்சோ தெரியலை. மாப்பிள்ளை, பொய் சொல்லக் கூடாது, எனக்கு அந்த வேலை பிடிச்சுப் போச்சு. மேல் மூடியைக் கழட்டி, ஒவ்வொரு குழியையும் விரல் நுனியால நிரப்பி, அரம் போட்டு, உப்புத்தாள் போட்டு, நாலு நாள் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்திருந்தேன். ஷாஃப்டுல பள்ளத்தை நிரப்பி, கண்ணாடி மாதிரி தேய்ச்சேன். மில்லை விட்டு வந்ததுக்கப்புறம் அந்த மாதிரி ஒரு வேலை நான் செஞ்சதில்லை. மாட்டிப் போட்டேன். இருமல் இல்லை, சூடு இல்லை, கிளாண்டுல சொல்லி வச்ச மாதிரி நிமிஷத்துக்கு இருபது சொட்டு. ரெண்டரை மணி நேரத்துல நிறையிற தொட்டி ஒரு மணி பத்து நிமிஷத்துல நிறைஞ்சு வழிஞ்சுது. பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். அரை மணி நேரம் கழிச்சுத்தான் உறைச்சுது, அங்கே எனக்குச் செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லை.

அடுத்த ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டம். நாப்பது பேர் வந்திருந்தாங்க. செயலாளர் எழுந்து, நம்ம ஃபிட்டர் புதுப் பம்பு வாங்குற செலவையே மிச்சப்படுத்திட்டார்னு சொல்ல, எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, மறைக்க மாட்டேன். அந்தக் கைதட்டல் அடங்குறதுக்குள்ளேயே அந்த மனுஷன் என் தலையில கல்லைப் போட்டார். "பம்பு கெட்டிருந்தாத்தான் ஃபிட்டர் வேணும். இனிமே ஒரு கடிகார ஸ்விட்ச் போதும்." காலையில ஆறு மணிக்குத் தானே போட்டுக்கும், ஏழே காலுக்குத் தானே நிறுத்திக்கும், மாசக் கடைசியோட ஆளை விட்டுடலாம்னு தீர்மானமாயிடுச்சு. பம்பு செத்தா என் வேலை போகும்னு மூணு வருஷமா அதைப் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். பொழைச்சாலும் போகும்னு எனக்கு யாராவது சொல்லியிருக்கீங்களா? நீங்க சொன்னீங்களா? துளை போடலாம், அரம் போடலாம், மரை வெட்டலாம்னு அத்தனை சொன்ன வாய்க்கு இதைச் சொல்ல முடியலையா?

மறுநாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த நேரம், உளியும் சுத்தியலும் எடுத்துக்கிட்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். கதவைச் சாத்திக்கிட்டேன். ஒட்டினதைக் கொஞ்சம் பெயர்த்து விட்டா கசியும், கசிஞ்சா கூப்பிடுவாங்க, அவ்வளவுதான் என் திட்டம். வெட்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் எழுதறேன். முதல் அடியில பொறி பறந்தது. ரெண்டாவது அடியில உளி முனை மழுங்கிச்சு. அஞ்சாவது அடிக்கு என் மணிக்கட்டு சுளுக்கிக்கிச்சு. புட்டியில நகக்கீறல் அளவுகூட விழலை. மூணு தடவை ஒட்ட மாட்டேன்னு என்னைக் கேவலப்படுத்தின சாமான், பெயர்க்கணும்னு போனப்ப மலை மாதிரி நிக்குது. சுத்தமா அறுத்து, சுத்தமா தேய்ச்சு, சுத்தமா அப்பின வேலை, எவன் செஞ்சதுன்னு தெரியாம இருந்தா நானே அவனைக் கூப்பிட்டுப் பாராட்டியிருப்பேன். உங்க அக்கா மணிக்கட்டுல தைலம் தேய்ச்சு விட்டா. எப்படி சுளுக்கிச்சுன்னு கேட்டா, வால்வு திருப்பினேன்னு சொல்லிட்டேன். முப்பதாம் தேதி சாவியைக் கொடுத்துட்டு வந்தேன். செயலாளர் கையைப் பிடிச்சுக்கிட்டு ஏதோ சொல்ல வந்தார், நான் நிக்கலை.

ஆகவே, மாப்பிள்ளை அவர்களே, எனக்கு இப்போது நேர்ந்திருக்கும் நிலைமைக்கு முழுமுதற் காரணம் தாங்களும் தங்கள் புட்டியும் என்பதைத் தெளிவாகத் தெரிவித்துக்கொள்கிறேன். மீதமுள்ள ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். இனி என் வீட்டில் எது உடைந்தாலும் உடைந்தபடியே இருக்கட்டும். என் நம்பரில் தங்கச்சி மட்டும் பேசினால் போதும். தாங்கள் இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் கடைச் சாமான் எதுவும் கொண்டு வராமல் வெறும் கையோடு வரவும். வராமல் இருந்தாலும் நான் தவறாக நினைக்க மாட்டேன்.

இருவரும் ஆயுள் ஆரோக்கியத்துடன், குறைவில்லாமல், ஒற்றுமையாக வாழ வேண்டும் என்று பெரியவன் என்ற முறையில் ஆசி கூறுகிறேன். தங்கள் கடை வியாபாரமும் செழிக்கட்டும், எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் வாங்காமல் செழிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மேல் உள்ள மரியாதை குறையாதிருக்க அரும்பாடுபடும்
மச்சான்.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, கவரை ஒட்டப் போகும்போது மனசு உறுத்துது. கூட்டத்துல செயலாளர் அப்படிச் சொல்லலை. கைதட்டி முடிச்சதும் அவர் என்னைப் பார்த்து, "ரிப்பேர் நல்லாத்தான் இருக்கு ஃபிட்டரே, ஆனா பக்கத்துல ஒரு ஆள் இருந்து பார்த்துக்கணும், இல்லையா?"ன்னு கேட்டார். ஆமாம்னு தலையாட்டியிருந்தா முடிஞ்சுது. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நான்தான்னு தீர்மானமே எழுதிக் கையில வச்சிருந்தாராம், சாவி கொடுக்கப் போனப்ப அந்தத் தாளைக் காட்டினார். ரெண்டாவது தடவையும் கேட்டார், மெதுவா, சொல்லுங்க சொல்லுங்கன்னு கண்ணாலயே சொல்லிக்கிட்டு. நாப்பது பேர் பார்க்கிறாங்க. நான் செஞ்ச வேலை நிக்குமான்னு கேட்டா, நிக்காதுன்னு நான் எந்த வாயால சொல்றது? பத்து வருஷத்துக்கு யாரும் எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம், பம்பு கெட்டிருந்தாத்தான் ஃபிட்டர் வேணும், கடிகார ஸ்விட்ச் போதும்னு சொன்னது நான்தான். சொல்லும்போது ரொம்ப நல்லா இருந்துது. உங்க அக்கா கூட்டத்துக்கு வரலை. நீக்கிட்டாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன், அவ செயலாளரைத் திட்டிக்கிட்டே எனக்கு வேளாவேளைக்கு டீ போட்டுத் தர்றா. உளி எடுத்த கதை தெரிஞ்சாலும் போகட்டும், இது தங்கச்சிக்குத் தெரிஞ்சா அன்னிக்கே இவ காதுக்கு வந்துடும். அதனால கடிதத்தைத் தங்கச்சிகிட்டக் கொடுக்கும்போது, பின்குறிப்புக்கு மேல மடிச்சு, இதை மட்டும் கிழிச்சுட்டுக் கொடுங்க. திட்டு உங்களுக்குத்தான் விழும். பொறுத்துக்கங்க மாப்பிள்ளை.